லயன் கார்டினர்

லயன் கார்டினர் (1599–1663) இங்கிலாந்தில் பிறந்து, நெதர்லாந்தில் படைப் பொறியாளராகப் பணியாற்றி, வட அமெரிக்காவில் கோட்டை கட்டிக் குடியேறியவர். இன்றைய நியூயார்க் மாநில எல்லைக்குள் ஆங்கிலேயரின் முதல் நிலையான குடியேற்றம் இவருடையதே. லாங் ஐலண்டின் கிழக்கு முனையை ஒட்டி இவர் வாங்கிய தீவு இன்றுவரை இவருடைய வழித்தோன்றல்களின் கையில் இருக்கிறது. இவரைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இவரே எழுதியது: குடும்ப பைபிளில் குறித்துவைத்த சில வரிகளும், பூர்வகுடிகளான பீக்வாட்களுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரைப் பற்றி 1660இல் எழுதிய நினைவுக்குறிப்பும். 1833இல்தான் அச்சேறிய அந்தக் குறிப்பில் அலங்காரம் கிடையாது. மேலதிகாரிகள் மீதான மனத்தாங்கல் நிறைய உண்டு.

ஹாலந்திலிருந்து கனெக்டிகட்டுக்கு

ஆரஞ்சு இளவரசரின் படையில் கோட்டை அரண் வேலைகளைக் கவனித்துவந்த கார்டினர், வூர்டென் நகரத்தைச் சேர்ந்த மேரி என்ற டச்சுப் பெண்ணை மணந்தார். 1635இல் லார்டு சே, லார்டு புரூக் முதலிய ஆங்கிலப் பிரபுக்களின் குழு அவரை வேலைக்கு அமர்த்தியது. ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம், நான்கு ஆண்டு ஒப்பந்தம். கனெக்டிகட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோட்டையும் நகரமும் அமைப்பது வேலை. அந்த ஜூலையில் கணவனும் மனைவியும் வூர்டெனை விட்டுக் கிளம்பினார்கள். லண்டன் போய், அங்கிருந்து 'பேச்சலர்' என்ற சிறு கப்பலில் ஏறி, நவம்பர் 28 அன்று பாஸ்டன் வந்திறங்கினார்கள்.

அரண் கட்ட 200 பேர், உழ 50 பேர், வீடு கட்ட 50 பேர் என 300 ஆட்கள் வருவார்கள் என்பது அவருக்குத் தரப்பட்ட வாக்கு. கடைசியில் வந்து சேர்ந்தவர்கள் இரண்டே பேர்: ஃபென்விக் என்ற கனவானும் அவருடைய வேலையாளும். சேபுரூக் என்று பெயர் பெற்ற அந்தக் கோட்டையில் 1636 ஏப்ரல் 29 அன்று மகன் டேவிட் பிறந்தான். கனெக்டிகட்டில் பிறந்த முதல் வெள்ளைக் குழந்தை அவன்தான் என்பது பொதுவான கருத்து. மகள் மேரி 1638இல் அதே இடத்தில் பிறந்தாள்.

பீக்வாட் போர்

1636 ஆகஸ்டில், ஜான் ஓல்டம் என்ற வணிகர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, மாசசூசெட்ஸ் அரசு ஜான் எண்டிகாட் தலைமையில் ஒரு படையை அனுப்பியது. கார்டினருக்கு இதில் சற்றும் உடன்பாடில்லை. கோட்டையில் ஆண், பெண், சிறுவர், சிறுமியர் எல்லாரையும் சேர்த்தே 24 பேர். இரண்டு மாதத்துக்குக்கூடத் தானியம் இல்லை. சோள வயலோ இரண்டு மைல் தள்ளி இருந்தது. குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், கொட்டு வாங்கப்போவது நான் என்ற பொருளில் அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. படை பீக்வாட்களின் சில குடிசைகளை எரித்துவிட்டு பாஸ்டனுக்குத் திரும்பியது. அந்தக் குளிர்காலம் முழுவதும் பீக்வாட்கள் கோட்டையைச் சூழ்ந்து, வெளியே வந்தவர்களை ஒருவர் ஒருவராக வீழ்த்தினார்கள்.

1637 பிப்ரவரி 22 அன்று கார்டினர் பத்து ஆட்களோடும் மூன்று நாய்களோடும் வெளியே போனார். வெட்டிப்போட்ட இருபது மரங்களை ஆற்றங்கரைக்கு உருட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்கு வழியிலுள்ள காய்ந்த புல்லையும் நாணலையும் எரிக்க வேண்டும். பதுங்கியிருந்தவர்கள் பாய்ந்தார்கள். அம்புகள் பல அவர்மேல் பட்டும், தடித்த தோல் அங்கி காப்பாற்றியது. ஒன்று மட்டும் காயப்படுத்தியது. சில நாள் கழித்து, இறந்த தன் ஆள் ஒருவரின் உடலைத் தேடி எடுத்தபோது, வலப்பக்கம் நுழைந்த அம்பின் முனை இடப்பக்க விலா எலும்பில் பாதி தைத்து நிற்பதைக் கண்டார். அந்த எலும்பை எடுத்துச் சுத்தம் செய்து பாஸ்டனுக்கு அனுப்பிவைத்தார். பூர்வகுடிகளின் அம்புக்கு வலுவில்லை என்று அங்கே சிலர் பேசியிருந்தார்கள். கார்டினர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு செய்கை போதும். கோட்டைக்கு வெளியே பெரிய பலகைகளில் துளையிட்டு, கூரிய நீண்ட ஆணிகளை அடித்து, இரவில் வருவோர் மிதிக்கும்படி தரையில் பதித்துவைத்ததும் அவருடைய யோசனைதான்.

முற்றுகைக்கு நடுவே நடந்த ஒரு பேச்சையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலேயர் பெண்களையும் பிள்ளைகளையும் கொல்வதுண்டா என்று பீக்வாட்கள் கேட்டார்கள். அதை இனிமேல் பார்த்துக்கொள்வீர்கள் என்றார் கார்டினர். அந்த மே மாதம் 26ஆம் தேதி, ஆங்கிலேயப் படைத்தலைவர்கள் ஜான் மேசனும் ஜான் அண்டர்ஹில்லும் மிஸ்டிக் ஆற்றோரத்துப் பீக்வாட் ஊரைச் சுற்றி வளைத்துத் தீ வைத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கார்டினர் அங்கே போகவில்லை. ஆனால் புறப்பட்ட படைக்குத் தன் கோட்டையிலிருந்து 20 பேரைப் பொறுக்கிக் கொடுத்தவர் அவர்தான். போரை வேண்டாம் என்று தடுத்தவர் என்று மட்டும் சொல்லி அவரைப் போற்றும் குடும்ப வரலாறுகள் இந்த இடத்தில் வேகமாகக் கடந்துவிடுகின்றன.

வயாண்டன்ச்சும் தீவும்

மிஸ்டிக் சம்பவம் நடந்த மூன்றாம் நாள், லாங் ஐலண்டின் மாண்டாகெட் மக்களில் முக்கியமானவரான வயாண்டன்ச் கோட்டைக்கு வந்தார். ஆங்கிலேயருக்கு எல்லாப் பூர்வகுடிகள் மீதும் கோபமா என்று கேட்டார். உங்களிடம் அடைக்கலம் தேடும் பீக்வாட்களைக் கொன்று தலைகளை அனுப்புங்கள், வணிகம் செய்துகொள்ளலாம் என்பது கார்டினரின் நிபந்தனை. தலைகள் வந்தன. இருபது ஆண்டுக்கு மேல் நீடித்த நட்பின் தொடக்கம் இதுதான். அமெரிக்க எல்லைப்புற வரலாற்றில் இதை அபூர்வ நட்பு என்பார்கள். அபூர்வம்தான், ஆனால் கணக்குப் பார்க்காத நட்பு அல்ல.

ஒப்பந்தம் முடிந்ததும் 1639இல் மஞ்சோனக் தீவைக் கார்டினர் கிரயம் பேசி வாங்கினார். பத்திரத்தில் உள்ள விலை பத்து மேலங்கிகளுக்கான துணி. ஒரு பெரிய கறுப்பு நாய், ஒரு துப்பாக்கி, கொஞ்சம் மருந்தும் குண்டும், சில டச்சுக் கம்பளிகள் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் கதை. அடுத்த ஆண்டு, லாங் ஐலண்டுக்கு ஆங்கில அரச உரிமை பெற்றிருந்த ஸ்டிர்லிங் பிரபுவின் முகவரிடமும் பட்டயம் வாங்கிக்கொண்டார். அதன்படி தீவின் சட்டதிட்டங்களை அவரே வகுத்துக்கொள்ளலாம். சுமார் 3,300 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தீவில் 1641 செப்டம்பர் 14 அன்று இளைய மகள் எலிசபெத் பிறந்தாள்.

நயாண்டிக் தலைவர் நினிகிரெட் வயாண்டன்ச்சின் மகளைக் கவர்ந்து சென்றபோது, அவளை மீட்க உதவியவர் கார்டினர். அதற்கு நன்றியாக 1659இல் இன்றைய ஸ்மித்டவுன் பகுதி நிலம் அவருக்குக் கிடைத்தது. அதே காலத்தில் வயாண்டன்ச் இறந்தார்; நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள் என்று கார்டினர் எழுதுகிறார். மாண்டாகெட் மக்களில் பெரும்பாலோரைக் கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது.

பிள்ளைகள்

1653இல் கார்டினர் எதிர்க்கரையிலுள்ள ஈஸ்ட் ஹாம்ப்டனுக்குக் குடிபெயர்ந்தார். எலிசபெத் ஆர்தர் ஹவலை மணந்து, 1658 பிப்ரவரியில் ஒரு பெண் குழந்தை பெற்றாள். பச்சை உடம்போடு காய்ச்சலில் பிதற்றியவள், கார்லிக் என்பவரின் மனைவி தனக்குச் சூனியம் வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு இறந்துபோனாள். அப்போது அவளுக்கு 16 வயது. கார்லிக் தம்பதியர் முன்பு கார்டினரின் தீவில் வேலை செய்தவர்கள். ஊர்ப் பெண்கள் பலர் அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். இறந்தவளின் தந்தையோ அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. கார்லிக் மனைவிமேல் பழி போட்டவர்களில் ஒருத்தி, சிப்பி மணிக் கூலிக்கு ஆசைப்பட்டு வேறொரு குழந்தைக்குப் பாலூட்டி, தன் குழந்தையைப் பட்டினி போட்டவள் என்று அவர் கூறியதாக வழக்குப் பதிவில் இருக்கிறது. ஹார்ட்ஃபோர்டில் கனெக்டிகட் ஆளுநர் ஜான் வின்த்ரோப் இளையவர் முன் நடந்த விசாரணையில் கார்லிக் மனைவி விடுதலையானாள். சேலம் சூனிய வழக்குகளுக்கு இன்னும் 34 ஆண்டுகள் இருந்தன.

மூத்த மகள் மேரி, ஜெரமையா காங்க்ளிங் என்பவரை மணந்தாள். டேவிட் இங்கிலாந்து சென்று அங்கே திருமணம் செய்துகொண்டான். மகன் பட்ட கடனிலிருந்து அவன் மானத்தைக் காக்கத் தன் சொத்தில் பெரும்பகுதியைக் கைவிட நேர்ந்தது என்று உயிலில் எழுதிவைத்த கார்டினர், எல்லாவற்றையும் மனைவி பெயருக்கே விட்டார். அவர் 1663இலும் மனைவி 1665இலும் இறந்தார்கள். தாயின் உயில் வழியாகத்தான் தீவு டேவிட்டுக்கு வந்தது.

மூன்றாம் தலைமுறை ஜான் கார்டினர் காலத்தில், 1699இல், கடற்கொள்ளையர் என்று தேடப்பட்ட கேப்டன் கிட் அங்கே வந்து தங்கத்தையும் வெள்ளியையும் புதைத்தார். கொச்சிக்கு அருகே அவர் பிடித்த 'குவேடா மெர்ச்சன்ட்' கப்பலின் கொள்ளையே அவர் பெயரைக் கெடுத்தது. ஆளுநர் கேட்டதும் ஜான் புதையலைத் தோண்டி ஒப்படைத்தார். கிட் 1701இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். தீவில் 1820இல் பிறந்த ஜூலியா கார்டினர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் டைலரை 1844இல் மணந்தார்.

ஈஸ்ட் ஹாம்ப்டனில் லயன் கார்டினருக்குப் போர்வீரன் படுத்திருக்கும் சிலையுடன் கூடிய கல்லறை மண்டபம் 1886இல் எழுப்பப்பட்டது. வடிவமைத்தவர், நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தைக் கட்டிய ஜேம்ஸ் ரென்விக். 24 ஆண்டுகள் கழித்து, நிலத்தைத் திரும்பக் கேட்டு மாண்டாகெட் மக்கள் தொடுத்த வழக்கில், அப்படியொரு பழங்குடியே இப்போது இல்லை என்று நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் கேட்க அந்த மக்களே நீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.