விக்டோரியா கப்பல்துறையில் வீழ்ந்த வீரர்கள்

நம் இல்லங்களில் பெரும்பாலும் சித்திரைப் பிறப்பைக் கொண்டாடுகின்ற ஏப்ரல் 14-ஆம் நாளன்று, நாடெங்கும் உள்ள தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைத்து மௌன அஞ்சலி செலுத்துகின்றனர். அது தேசியத் தீயணைப்புப் பணி நாள். அந்நாளைத் தேர்ந்தெடுக்கக் காரணமான நிகழ்ச்சி 1944-இல் பம்பாயில் நடந்தது. கடமையாற்றச் சென்ற 66 தீயணைப்பு வீரர்கள் அங்கே உயிர் துறந்தனர். அவர்கள் இறந்தது ஏன் என்று ஆராயும்போது, அவர்களைப் போற்றும் முறை எது என்பதும் நமக்குப் புலனாகும்.

அது இரண்டாம் உலகப் போர்க்காலம். 'போர்ட் ஸ்டிகீன்' என்னும் சரக்குக் கப்பல் 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. குண்டுகளும் நீர்மூழ்கிக் குண்டுகளும் கண்ணிவெடிகளுமாக ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் அதில் இருந்தது. பொற்கட்டிகளும் இருந்தன. வழியில் கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றினார்கள். தீப்பொறி பட்டால் பற்றக்கூடிய பஞ்சு கீழே; வெடிமருந்து அதற்கு மேலே! ஏப்ரல் 12-ஆம் நாள் அக்கப்பல் பம்பாயின் விக்டோரியா கப்பல்துறையை அடைந்தது. இரண்டு நாள் கழிந்தும் வெடிபொருள் முழுவதும் இறக்கப்படவில்லை.

ஏப்ரல் 14, பிற்பகல் 2 மணி அளவில், சரக்கறையிலிருந்து புகை எழுவதைக் கண்டனர். தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தனர். கரையில் நின்ற பொறிகளும் நீரில் மிதந்த பொறிகளும் இடைவிடாது நீரைப் பாய்ச்சின. 900 டன்னுக்கும் மேற்பட்ட நீரைப் பொழிந்தும் பயனில்லை. அடர்ந்த புகையால் தீயின் மூலம் எங்கே என்பது புலப்படவில்லை. கப்பலுக்குள் சென்ற நீர் கொதிக்கத் தொடங்கியது. 3.50 மணிக்குக் கப்பலைவிட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. பதினாறு நிமிடங்கள் கழித்து, 4.06 மணிக்கு, கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் மற்றொரு பெருவெடிப்பு நிகழ்ந்தது. நெடுந்தொலைவிலுள்ள சிம்லாவிலும் நில அதிர்வுக் கருவிகள் அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்தன.

அருகில் நின்ற கப்பல்கள் பல மூழ்கின. எரியும் பஞ்சு வானத்திலிருந்து நகரின் மேல் விழுந்து குடிசைகளையும் கிடங்குகளையும் கொளுத்தியது. எஞ்சியிருந்த வீரர்கள் மற்றவர்களோடு சேர்ந்து மூன்று நாள் போராடித்தான் தீயை அடக்கினார்கள். இறந்தோர் தொகை நூற்றுக்கணக்கில் இருந்தது. துல்லியமான கணக்கில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இடிபாடுகளை அகற்றி மீண்டும் கப்பல்துறையை இயக்க எண்ணாயிரம் பேர் ஏழு திங்கள் உழைக்க வேண்டியிருந்தது.

இத்துணைப் பெரிய துயரத்தையும் நாட்டினர் உடனே முழுமையாக அறிய இயலவில்லை. போர்க்காலத் தணிக்கை செய்தியை மறைத்தது. ஜப்பானியர் செல்வாக்கிலிருந்த சைகோன் வானொலி மறுநாளே இதனை அறிவித்தது. விவரமான செய்திகளை வெளியிடப் பத்திரிகையாளர்க்கு அனுமதி கிடைத்ததோ மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில்தான்!

பின்னர் நடந்த விசாரணை, தீ பஞ்சுப் பொதிகளில் தோன்றியிருக்கக்கூடும் என்று கண்டது. தவறுகளையும் வரிசையாகச் சுட்டியது. வெடிபொருளுக்குக் கீழே பஞ்சை அடுக்கியது ஒன்று. அபாயச் சரக்கு உள்ளதை உணர்த்தும் செங்கொடியை ஏற்றாதது மற்றொன்று. வெடிபொருளை இறக்கத் தாமதித்தது, தீயை அடக்க நீராவியைச் செலுத்தாதது, தீயணைப்புப் படைக்குத் தகவல் தரத் தாமதித்தது ஆகியவை பிற. இவற்றுள் ஒன்றேனும் தீயணைப்பு வீரர் செய்த பிழையா? இல்லை. பிறர் செய்த பிழைகளுக்கு அவர்கள் தம் உயிரை விலையாகத் தந்தார்கள்.

ஆகவே, தீயணைப்பு வீரரைப் போற்றுவது அவர்தம் வீரத்தைப் புகழ்வதோடு முடிவதன்று. அஞ்சாமல் தீயினுள் புகுவது அவர் கடமை. அங்கே என்ன இருக்கிறது என்று மறைக்காமல் சொல்வதும், தீ கண்டவுடன் 101 என்ற எண்ணுக்கு அறிவிப்பதும், எளிதில் பற்றும் பொருளை வைக்கவேண்டிய இடத்தில் வைப்பதும் நம் கடமை. ஆய்வுக்கூடத்தில் ஒரு புட்டியின் மேல் சரியான பெயரை ஒட்டும் மாணவன்கூட அக்கடமையில் ஒரு பங்கை ஆற்றுகிறான். விக்டோரியா கப்பல்துறையில் ஒரு கொடி ஏறவில்லை. ஒரு செய்தி தாமதமாயிற்று. அத்தகைய குறை நம்மிடத்தில் நேராமல் காப்பதே அந்த 66 பேருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.