சமரசத்தின் செலவை ஏற்பவர் யார்?

தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லாத மூன்றாமவர் ஒருவர் துணைநிற்க, பிணக்குக்கு உரிய இருதரப்பினரும் தாமே ஒரு முடிவுக்கு வரும் முறையான சமரசம், 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிலையான அமைப்பாக உருப்பெற்றது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு முன்னின்று உருவாக்கிய அம்மையமே நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவில் முதலாவது. நீதிமன்றத்தின் நிழலில் இயங்கியதால் இடத்துக்கும் நிதிக்கும் அது வெளியாரை நாட வேண்டியிருக்கவில்லை. வழக்காடியவருக்கும், நீதிமன்றக் கட்டணத்தைத் திருப்பித்தர வகைசெய்யும் 1955ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 69-அ பிரிவால் ஆதாயம் இருந்தது.

நீதிமன்றப் படியேறாத பிணக்குகளின் நிலை வேறு. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் முன்னாள் குடிசைமாற்று வாரிய வீடுகளும் அடையாற்றங்கரையில் அருகருகே அமைந்த கோட்டூர்புரம் போன்ற பகுதியில் தண்ணீர், கழிவுநீர், வண்டி நிறுத்துமிடம் குறித்து எழும் சச்சரவுகளில் திருப்பித்தரக் கட்டணமே இல்லை. அவற்றைத் தீர்க்க முனையும் சிறு தொண்டு அமைப்பு பயன்பெறுவோரிடம் பணம் கேட்டால் ஏழைகள் விலகுவர், ஒரு தரப்பின் நன்கொடையை ஏற்றால் நடுநிலையே ஐயத்துக்குள்ளாகும். அத்தகைய அமைப்புகளின் வறுமைக்கு நிர்வாகக் குறையைவிட இந்த இருதலைச் சிக்கலே பெரிய காரணம் எனலாம்.

இலங்கை இதற்கு ஒரு விடை கண்டது. 1958இல் தொடங்கிய இணக்க சபைகள் அரசியல் தலையீட்டுப் புகார்களால் பெயர்கெட்டு 1970களின் இறுதியில் மறைந்தபின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை நிறுவி, உறுப்பினரை நியமிக்கும் பொறுப்பை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. பயிற்சியின் செலவை அரசு ஏற்கிறது. மத்தியஸ்தர்கள் ஊதியமின்றிச் சிறு படி மட்டும் பெறும் தொண்டர்கள். அமர்வுகள் பெரும்பாலும் வார இறுதியில் பள்ளிகளிலும் பொதுக் கட்டடங்களிலும் நடப்பதால் வாடகைச் சுமையும் குறைவு. தொண்டு மனப்பான்மையை மட்டும் நம்பாமல், அதைத் தாங்கும் அரசுச் செலவையும் உறுதிசெய்ததே இந்த ஏற்பாட்டின் சிறப்பு.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டம், ஒரு பகுதியின் அமைதியைக் குலைக்கக்கூடிய பிணக்குகளுக்கு மூவர் குழு அமைக்க இடமளித்துள்ளது. எனினும் அக்குழுவின் முன் ஏற்படும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்ற இயலாது என்பதால், அதன் வலிமை முழுவதும் சமரசரின் நம்பகத்தன்மையையே சார்ந்துள்ளது. அதே சட்டம் உருவாக்கும் சமரச நிதியிலிருந்து தெருவளவில் செயல்படும் அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் ஒரு நிலையான பங்கை ஒதுக்குவது அரசின் கடமை.