87,17,82,91,201: ஓர் எண்ணும் எஸ். எஸ். பிள்ளையும்

87,17,82,91,201 என்பது 1 முதல் 14 வரையுள்ள எண்களைத் தொடர்ந்து பெருக்கி, அதனுடன் 1 கூட்டினால் கிடைக்கும் முழு எண் ஆகும். கணிதத்தில் இது 14! + 1 என எழுதப்படும். இதற்கு இரண்டே பகாக் காரணிகள் உள்ளன: 23, 379,03,60,487. இவற்றுள் சிறியதான 23, நாகர்கோவிலில் பயின்ற கணித அறிஞர் ஒருவரின் பெயரோடு இணைந்தது.

பிள்ளையின் வாழ்க்கை

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயையும், பள்ளி இறுதியாண்டில் தந்தையையும் இழந்தார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் கைகொடுத்ததால் படிப்பு நிற்கவில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்றார். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு உதவித்தொகை பெற்றார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார்.

பிள்ளை எழுப்பிய கேள்வி

5! + 1 = 121 = 11 × 11. இங்கு 11-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 1. 6! + 1 = 721 = 7 × 103. இவ்விரண்டையும் 6-ஆல் வகுத்தாலும் மீதி 1. 7! + 1 = 5,041 = 71 × 71. 71-ஐ 7-ஆல் வகுத்தாலும் மீதி 1. இவ்வாறு எப்போதும் மீதி 1 வருமா என்று பிள்ளை 1930-இல் கேட்டார்.

வராது என்பதே விடை. 8! + 1 = 40,321 = 61 × 661; 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. இவ்வாறு விதியை மீறும் பகா எண்களுள் மிகச் சிறியது 23. அது 14! + 1-ஐ வகுக்கிறது. ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. இதனைக் கண்டு கூறியவர் எஸ். சௌலா.

23 வகுக்கும் விதம்

பெரிய வகுத்தல் இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். வில்சன் தேற்றப்படி 22! + 1 என்பது 23-ஆல் மீதியின்றி வகுபடும், அதாவது 22!-இன் மீதி −1. 22! என்பது 14!-ஐ 15 முதல் 22 வரையுள்ள எட்டு எண்களால் பெருக்கியது. 23-ஆல் வகுக்கும்போது 22-ஐ −1 எனவும், 21-ஐ −2 எனவும், இப்படியே 15-ஐ −8 எனவும் கொள்ளலாம். எட்டுக் குறைக் குறிகளும் நீங்கி, பெருக்கம் 8! = 40,320 ஆகிறது. 23 × 1,753 = 40,319 என்பதால் அதன் மீதி 1. எனவே 14!-இன் மீதியும் −1, ஆகவே 14! + 1-ஐ 23 மீதியின்றி வகுக்கும்.

பிற்காலம்

பிள்ளையின் பெரும்பணி வாரிங் கணக்கைச் சார்ந்தது. எந்த இயல் எண்ணையும் எழுத 73 ஆறாம் படிகள் போதும் என 1940-இல் நிறுவினார். 703-க்கு 73-உம் தேவை: பத்து 64-கள், அறுபத்து மூன்று 1-கள். வாரிங் கணக்கு, வில்சன் தேற்றம் இரண்டும் எட்வர்ட் வாரிங் 1770-இல் வெளியிட்ட ஒரே நூலில் வந்தவை.

1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்கப் புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து நொறுங்கியதில், பயணம் செய்த 55 பேரும் இறந்தனர். பிள்ளைக்கு வயது 49.

அவருடைய கேள்விக்கு 'இல்லை' என்ற விடை தரும் 23, 29, 59, 61 முதலியவை இன்று 'பிள்ளை பகா எண்கள்' எனப்படுகின்றன. இவை எண்ணற்றவை என்பதும் நிறுவப்பட்டுள்ளது. ஜி. இ. ஹார்டியும் எம். வி. சுப்பாராவும் 2002-இல் இவற்றைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினர். இந்த ஹார்டி, இராமானுசனை அழைத்த ஜி. எச். ஹார்டி அல்லர்.