நேரடி நிரலாக்க இடைமுகம்

நேரடி நிரலாக்க இடைமுகம் (டிபிஐ) என்பது சிஸ்டம்வெரிலாக் என்னும் வன்பொருள் விவரிப்பு மொழியிலிருந்து சி மொழிச் செயற்கூறுகளை அழைக்கும் முறையாகும். வார்க்கப்பட்ட சில்லில் பிழையைத் திருத்துவது அரிது என்பதால், வடிவமைப்பை முதலில் கணினியில் பாவனை செய்து சோதிப்பர். ஒப்பிட வேண்டிய முன்மாதிரி பெரும்பாலும் சி அல்லது சி++ மொழியில் ஏற்கனவே இருக்கும். அதைத் திரும்ப எழுதாமல் இணைத்துக்கொள்ளலாம்.

வரலாறு

வெரிலாக் மொழியில் முன்பிருந்தது பிஎல்ஐ. 1995ஆம் ஆண்டின் ஐஇஇஇ 1364 சீர்தரம் அதன் பழைய நடைமுறைகளுடன் விபிஐயையும் சேர்த்துக்கொண்டது. இவற்றில் இரண்டு எண்களைக் கூட்டும் செயற்கூற்றையும் பாவனையாக்கியிடம் பதிவு செய்து, மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற வேண்டும். அக்செலெரா அமைப்பு 2003இல் வெளியிட்ட சிஸ்டம்வெரிலாக் 3.1இல் டிபிஐ இடம்பெற்றது. 2005இல் ஐஇஇஇ 1800 சீர்தரத்தின் பகுதியாயிற்று. வடிவமைப்பின் உள்ளமைப்பைத் துருவிப் பார்க்க இன்றும் விபிஐ தேவைப்படுகிறது.

இயங்கும் முறை

சி செயற்கூற்றை 'இம்போர்ட்' என அறிவித்தபின் அதைப் பிற செயற்கூறுகளைப் போலவே அழைக்கலாம். எதிர்த்திசை அழைப்புக்கு 'எக்ஸ்போர்ட்' உண்டு. சி செயற்கூறு இயங்கி முடியும்வரை பாவனை நேரம் நகராது.

இரு பக்க அறிவிப்புகளும் பொருந்துகின்றனவா என்பதைப் பொதுவாக இணைப்பி சரிபார்ப்பதில்லை. அளபுருக்களின் வகை மாறினால் எச்சரிக்கையின்றித் தவறான மதிப்பு வரலாம். பல பாவனையாக்கிகள் இம்போர்ட் அறிவிப்புகளிலிருந்து தலைப்புக் கோப்பை உருவாக்கித் தருகின்றன. அதைச் சி கோப்பில் சேர்த்தால் தொகுப்பியே பிழையைக் காட்டிவிடும். பலர் இதைச் செய்வதில்லை.

'லாஜிக்' வகைக்கு 0, 1, எக்ஸ், இசட் என நான்கு நிலைகள் உண்டு. 'இன்ட்' வகைக்கு இரண்டே. லாஜிக் மதிப்பை இன்ட் அளபுருவுக்கு அனுப்பினால் எக்ஸ் நிலை 0 ஆகிவிடும். தொடக்க மதிப்பு தரப்படாத பதிவகம் சி பக்கத்தில் சரியானதுபோல் தோன்றும். கண்டுபிடிக்க வேண்டிய பிழையே மறைந்துபோகும் இடம் இது.

கோப்பில் எழுதும் செயற்கூற்றைப் 'பியூர்' என்று அறிவிப்பதும் தவறு. விடை பயன்படாத அழைப்பைப் பாவனையாக்கி விட்டுவிடலாம்.

தமிழ்நாட்டில்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி நுண்செயலிகள் புளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியில் இதே பணிக்குப் பிடிபிஐ என்னும் இறக்குமதி முறை உள்ளது. 64 பிட் வரையிலான மதிப்புகள் நேரடியாகவும், அதற்கு மேற்பட்டவை சுட்டிகள் வழியாகவும் சி செயற்கூற்றுக்குச் செல்கின்றன. சக்தியின் சி-வகைச் செயலியை வெரிலேட்டரில் பாவனை செய்யும்போதே ஜிடிபி பிழைதிருத்தியை அதனுடன் இணைக்க முடியும். சில்லு கைக்கு வருமுன்பே நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்கலாம்.