கான்பூரில் முடிந்த கணக்கு

97 பகா எண்ணா என்று கேட்டால் மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். 2, 3, 5, 7 இந்த நான்கால் வகுத்துப் பார்த்தால் போதும். வர்க்கமூலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அதுவே 100 இலக்க எண் என்றால்? விநாடிக்கு நூறு கோடி முறை வகுக்கும் கணினிக்கும் பிரபஞ்சத்தின் வயது போதாது.

லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர், 2-ஐ 127 முறை பெருக்கி அதில் 1 கழித்தால் வரும் 39 இலக்க எண் பகா எண்தான் என்று 1876-ல் காட்டினார். ஆனால் அவர் வழி அந்த மாதிரி அமைப்புள்ள எண்களுக்குத்தான். எல்லா எண்ணுக்குமான வேகமான சோதனையை மில்லர் 1976-ல் கொடுத்தார். அது நிரூபிக்கப்படாத ஓர் ஊகத்தை நம்பி நின்றது. ராபின் 1980-ல் அந்த ஊகத்தை விலக்கினார். ஆனால் விடை "அநேகமாகப் பகா எண்" என்றுதான் வந்தது. அந்த "அநேகமாக" என்ற சொல்தான் எல்லோரையும் உறுத்தியது.

2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பேராசிரியர் மணீந்திர அகர்வால், அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா. ஊகமும் இல்லை, அநேகமாகவும் இல்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் நியாயமான நேரத்தில் நிச்சயமான விடை. 2006-ல் மூவருக்கும் கோடல் பரிசு கிடைத்தது.

அதன் வேர் நாம் பி.யு.சி.யில் படித்த ஈருறுப்புத் தேற்றம். 5-ஆம் அடுக்கின் கெழுக்கள் 1, 5, 10, 10, 5, 1. ஓரத்து ஒன்றுகளை விட்டால் எல்லாமே 5-ஆல் வகுபடும். 6-க்கு 1, 6, 15, 20, 15, 6, 1. இதில் 15-ம் 20-ம் 6-ஆல் வகுபடாது. பகா எண்ணுக்கு மட்டுமே எல்லாம் வகுபடும். இந்தக் கெழுக்களின் அடுக்கைத்தான் ஹலாயுதர் 10-ஆம் நூற்றாண்டில் மேரு பிரஸ்தாரம் என்று விளக்கினார். பெரிய எண்ணுக்கு இத்தனை கெழுக்களையும் எழுதி முடியாது. முழு விரிவையும் எழுதாமல், அதைச் சுருக்கிச் சோதித்தாலே போதும் என்று காட்டியதுதான் கான்பூர்க்காரர்களின் சாதனை.

ஆதம்பாக்கத்தில் என்னோடு காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் இதைக் கேட்டுப் பதறினார். "அப்போ நம்ம பென்ஷன் கணக்கோட பூட்டை யாராவது திறந்துட மாட்டாங்களா சார்?" மாட்டார்கள். 1977-ல் வந்த ஆர்.எஸ்.ஏ. பூட்டு, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணை நம்பியிருக்கிறது. அது பகா எண் அல்ல என்பது முன்பே எல்லோருக்கும் தெரியும். எந்த இரண்டைப் பெருக்கியது என்று பிரிப்பதுதான் கஷ்டம். கான்பூர் வழி அதைச் சொல்லாது. பூட்டுக்கு வேண்டிய பகா எண்களைத் தேர்ந்தெடுக்க இன்றும் ராபின் முறையே வழக்கம். அது இன்னும் வேகம்.

பேரன் பேத்தியோடு 7-க்கும் 9-க்கும் கெழுக்களை எழுதிப் பாருங்கள். 9-ல் 84 என்று ஒன்று வந்து காட்டிக்கொடுத்துவிடும்.