படையோடு வந்த பெண்கள்

தலதா மாளிகைக்குப் பின்புறம், தேசிய நூதனசாலையைக் கடந்து சிறிது மேலே ஏறினால் பிரித்தானியப் படை மயானத்தைக் காணலாம். வோட்டர்லூப் போரில் தப்பிய கப்டன் மக்ளாஷன் 1817இல் கண்டிக் காய்ச்சலுக்குத் தப்பவில்லை. அவர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். 1815 உடன்படிக்கையை வரைந்த சேர் ஜோன் டொய்லியும் அங்கேதான். ஆனால் கற்களைப் பொறுமையாக வாசிப்பவரை நிற்க வைப்பவை குழந்தைகளின் கல்லறைகளே. அவர்களின் தாய்மாருக்கு இந்தத் தீவு வீடாகவில்லை.

வெள்ளைச் சிப்பாயின் மனைவி கடல் கடந்து வருவதே அரிது. ஒரு படைப்பிரிவு வெளிநாடு புறப்படும்போது நூறு பேருக்கு இத்தனை மனைவியர் என்று அளவு வைத்து, யார் யார் கப்பலேறுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். சீட்டு விழாதவள் கரையிலேயே நின்றாள். உயர் அதிகாரிகளின் மனைவியர் நிலை வேறு. ஆளுநர் ஹோர்ட்டனின் மனைவி பெயரால் உடவத்தகெலே காட்டில் ஒரு நடைபாதையே உண்டு. மாணவப் பருவத்தில் அதில் அட்டைக்கடி வாங்காதவர்கள் நம்மில் குறைவு.

குடும்பத்தோடு வந்து, குடும்பமாகவே இங்கே நிலைத்த படையினர் வேறொரு சாரார். அவர்கள் மலாயர். ஜாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் ஒல்லாந்தர் கொண்டுவந்த சிப்பாய்களும் நாடுகடத்தப்பட்டோரும் அவர்களின் முன்னோர். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் மலாயச் சிப்பாய்களும் அவர்கள் பக்கம் மாறினர். 1811 முதல் 1816 வரை ஜாவா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோது அங்கிருந்து மேலும் பலர் மனைவி மக்களோடு கப்பலேற்றப்பட்டனர். 1827 முதல் இப்படையின் பெயர் இலங்கை றைபிள் படையணி. கொழும்பில் கொம்பனித்தெரு என்கிறோமே, அந்தப் பெயரும் படைக் கொம்பனிகள் விட்டுச் சென்றதுதான்.

கண்டிக்கு அவர்கள் முதலில் வந்த கதை கசப்பானது. 1803இல் மேஜர் டேவியின் படை இந்நகரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. காய்ச்சலும் பசியும் வாட்ட, ஜூன் மாத இறுதியில் சரணடைந்து திருகோணமலைக்குப் புறப்பட்டது. வட்டபுளுவவில் மகாவலி பெருக்கெடுத்து வழி மறித்தது. வெள்ளையர் கொல்லப்பட்டனர்; மலாயர் பலர் மன்னரின் சேவையில் சேர்ந்தனர். மன்னரின் படையிலும் முன்பே மலாயர் இருந்தார்கள். அவர்களின் தலைவர் சங்குங்லோ. ஆங்கிலேயர் பக்கம் நின்ற கப்டன் நூர்தீன் அவருடைய சகோதரர். சங்குங்லோ போரில் மாண்டார். நூர்தீன் பக்கம் மாற மறுத்ததால் கொல்லப்பட்டார். இவ்விருவரையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

1815க்குப் பின் கண்டி, பதுளை, குருநாகல் என்று கொம்பனிகள் மாறிக்கொண்டே இருந்தன. அடுப்பையும் பாயையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மனைவியரும் மாறினார்கள். அவர்களின் பெயர்களைத் தாங்கும் நடைபாதை எதுவும் இல்லை. ஆனால் நம் சமையலறையில் அவர்களின் சுவடு உண்டு. சம்பல் மலாய்ச் சொல். தொதலும் அப்படியே. ஆண்கள் உடுத்தும் சாரமும் அங்கிருந்து வந்ததே. வட்டிலப்பமும் அவர்கள் தந்தது என்பார்கள். பெருநாளன்று நமக்குக் கிடைக்கும் துண்டு யாருடையது என்று நாம் கேட்டதில்லை, சாப்பிட்டுவிட்டோம்!

இதைவிட வியப்பானது அவர்கள் வீட்டு மொழி. தீவு மாறிய தாய்மாரின் பேச்சில் மலாய் தானும் உருமாறியது. மலேசியாவில் வீட்டில் என்பதை 'டி ரூமா' என்பார்கள். இடத்தைக் குறிக்கும் சொல் முன்னால் வரும். கண்டி மலாயர் 'ரூமாக' என்கிறார்கள். அது வேற்றுமை உருபு போலப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. வினைச்சொல்லும் நம் வாக்கியத்தில் போலவே கடைசியில் வரும். தமிழும் சிங்களமும் பேசும் அயலார் நடுவில் பிறந்த மொழி இது. மலைநாட்டு மலாய்க்கென்றே 2009இல் ஆய்வாளர் நோர்டொஃப் ஓர் இலக்கண நூல் எழுதியிருக்கிறார்.

1873இல் படையணி கலைக்கப்பட்டது. ஆண்கள் பொலிஸ், சிறைச்சாலை, தோட்டம் என்று வேலை தேடினார்கள். இனி மாறிப்போக வேண்டிய முகாம் இல்லை என்ற நிலை பெண்களுக்கு அப்போதுதான் வந்தது. முகாமில் வாசித்த கதைகளும் பாடல்களும் அரபு எழுத்தில், 'குந்துல்' என்று அவர்கள் அழைக்கும் முறையில், கையெழுத்துச் சுவடிகளாக வீடுகளில் தங்கின. சிலவற்றில் மலாயும் அரபுத் தமிழும் ஒரே கட்டில் இருக்கின்றன. கலாநிதி பீ. ஏ. ஹுசைன்மியா 1970களில் வீடு வீடாகப் போய் அவற்றைத் தேடினார். படையணி மலாயரைப் பற்றிய அவரது நூல் 1990இல் வந்தது.

எல்லாம் அவர் கைக்கு எட்டியிருக்காது. நம் சங்கத்தில் மலாயக் குடும்பத்துச் சகோதரியர் பலர் இருக்கிறீர்கள். உம்மாவின் அலுமாரியில் யாராலும் வாசிக்க முடியாத பழைய கொப்பி இருந்தால் ஓதும் கிதாபென்று மூடி வைத்துவிடாதீர்கள், பழசென்று எரித்தும் விடாதீர்கள். பேராதனை பல்கலைக்கழகத்தில் அறிந்தவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.