கோஸும் கள்ளும்: புளிப்புக்கு விலை வைத்தது யார்?

பிரஸ்ஸல்ஸுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஊரிலிருந்து வரும் ஒரே கோரிக்கை சாக்லேட்தான். இப்போது காலம் மாறிவிட்டது. ஜோகுபாளையத்தில் வளர்ந்து, பக்கத்து இந்திராநகர் பீர் விடுதிகளில் நாக்கைப் பழக்கிக்கொண்ட தம்பிமார்கள், "அண்ணா, வரும்போது ரெண்டு பாட்டில் கோஸ்" என்கிறார்கள். முட்டைக்கோஸ் இல்லை, இது பெல்ஜியத்துப் புளிப்பு பீர். அது ஏன் பெங்களூரில் கிடைப்பதில்லை, ஏன் அவ்வளவு விலை என்று ஆளாளுக்குச் சொல்லி அலுத்துவிட்டதால் இந்தப் பதிவு. (குடிக்கத் தூண்டும் பதிவு அல்ல. வீட்டுப் பெரியவர்கள் தைரியமாகப் படிக்கலாம்!)

முதலில் சரக்கைப் பற்றி. சாதாரண பீரில் ஆலையே வளர்த்த ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள், சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். பிரஸ்ஸல்ஸிலும் அதன் மேற்கே உள்ள கிராமங்களிலும் செய்யும் லாம்பிக் அப்படி இல்லை. பார்லி மால்ட்டோடு மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை, பழசாகிக் கசப்பு குறைந்த ஹாப்ஸ் பூ, இவைதான் பொருட்கள். கொதித்த சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி ஓர் இரவு முழுக்கத் திறந்தே வைப்பார்கள். காற்றிலும் கட்டடத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் தாமாக வந்து இறங்கும். பிறகு மரப்பீப்பாய்க்குப் போகும். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடந்த லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்து, அங்கே மறுபடியும் நுரைக்க விட்டால்தான் கோஸ். புளிப்புச் செர்ரிப் பழம் ஊறினால் அதற்கு க்ரீக் என்று பெயர்.

இதில் விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை, கவனித்தீர்களா? கோதுமையும் பார்லியும்தான். விலை காலத்துக்குத்தான். மூன்று வருடம் பணம் பீப்பாயில் தூங்கவேண்டும். அதற்குள் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்ச முடியும் என்பதால், கிராக்கி கூடியது என்று அடுத்த மாதமே இரட்டிப்பாகச் செய்யவும் முடியாது. 2009-இல் மூன்று ஃபொன்டெய்னன் என்ற புகழ்பெற்ற சிறு ஆலையில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று பழுதாகி, பல்லாயிரம் பாட்டில்கள் சூடேறி வீணாயின. பல வருட உழைப்பு ஒரே நாளில் போயிற்று. இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை.

ஆனால் இது எப்போதுமே அரிய பொருளாக இருந்ததில்லை. பிரஸ்ஸல்ஸ் தொழிலாளிகள் குடித்த சாதாரண பானம்தான். முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் ஆலைகளின் செப்புப் பாத்திரங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் போருக்குப் பின் இனிப்பு பானமும் தெளிந்த லாகர் பீரும் வந்து சந்தையைப் பிடித்தன. நகருக்குள் தப்பிப் பிழைத்த பழைய ஆலை கான்டியோன். 1900-இல் தொடங்கிய இந்தக் குடும்ப ஆலை, பிழைப்புக்காக 1978-இல் தன்னையே ஓர் அருங்காட்சியகமாகவும் திறந்து வைத்தது. அந்தக் காலத்தில்தான் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இவர் பீர் பற்றி எழுதியவர்) 1977-இல் வெளியிட்ட புத்தகத்தால் வெளிநாட்டார் இங்கே திரும்பிப் பார்த்தார்கள். 1997-இல் பழைய முறை கோஸின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பு கொடுத்தது. பிறகு அமெரிக்க ரசிகர்கள் வந்தார்கள், கிராக்கி ஏறியது. ஆலையில் ஆளுக்கு இத்தனை பாட்டில்தான் என்று கட்டுப்பாடு வந்தது. வாங்கிப் பதுக்கிப் பல மடங்கு விலைக்கு விற்கும் வியாபாரமும் பின்னாலேயே வந்தது.

இதில் ஜோகுபாளையம் எங்கே வருகிறது? வருகிறது. 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைத்தபோது, மதராஸ் படையோடு கூடவே வந்தவர்கள் நம் தமிழர்கள். அல்சூர் ஏரியைச் சுற்றி இன்றும் தமிழ் கேட்பது அதனால்தான். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அப்படி வந்தவர்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இங்கிலாந்திலிருந்து பீர் மாதக்கணக்கில் கப்பலில் வரும். அக்காலத்து ஆங்கிலப் பீப்பாய் பீரில் ஒரு முரட்டு ஈஸ்ட் இருந்தது. 1904-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாசன் என்பவர் அதைப் பிரித்தெடுத்து 'பிரெட்டனோமைசெஸ்' என்று பெயரிட்டார். 'பிரித்தானியப் பூஞ்சை' என்று பொருள். 1921-இல் பிரஸ்ஸல்ஸ் லாம்பிக்கில் கண்ட அதன் உறவினருக்கு இந்த நகரின் பெயரையே வைத்தார்கள். கோஸுக்கு அந்தத் தனி வாசனையைத் தருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கப்பல் செலவு கட்டுப்படியாகாமல் நீலகிரியிலும் பெங்களூரிலும் உள்ளூர் ஆலைகள் எழுந்தன. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸை உருவாக்கினார். பீப்பாய்கள் மாட்டுவண்டியில் படைமுகாம்களுக்குப் போயின. நம் ஆட்களுக்கு அது கட்டுப்படியாகாத விலை. அவர்கள் குடித்தது கள்.

லாம்பிக்கைப் பற்றிப் படிக்கும்போதே சிலருக்குக் கள் நினைவு வந்திருக்கும். அதிலும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. கலயத்தில் சொட்டும்போதே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பெங்களூர்ப் பக்கம் பனை, தென்னையைவிட ஈச்சமரத்துக் கள்தான் அதிகம். கன்னடத்தில் 'ஹெண்ட' என்பார்கள். ஜி.பி. ராஜரத்னம் கவிதைகளில் வரும் குடிகார ரத்னன் குடிப்பது அதைத்தான்.

வித்தியாசம் ஒன்றுதான். பெல்ஜியக் குளிரில் மூன்று வருடம் நடக்கும் வேலை நம் வெயிலில் ஒரே நாளில் நடந்துவிடும். காலையில் இனிப்பு, மாலையில் புளிப்பு, மறுநாள் காடி. கள்ளைப் பதுக்க முடியாது, கப்பலேற்ற முடியாது. அதனால் மொந்தை விலையில் பெரும்பகுதி அரசாங்கம் வைத்ததுதான். மதராஸ் மாகாணத்தில் 1886-இல் ஆப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், இரண்டும் குடிப்பவன் தலையில் விழுந்தன. 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியே பிறந்தது என்றால் அந்தப் பணத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. கர்நாடகத்தில் 2007 ஜூலை 1-இல் சாராயம் போயிற்று. பெரும்பாலான மாவட்டங்களில் கள் அதற்குச் சில வருடங்கள் முன்பே போய்விட்டது.

குடியால் அழிந்த குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். தடை கேட்ட பெண்களின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் குடி நின்றதா? கூலிக்காரர் அதைவிடக் கடுமையான, விலை கூடிய சீசாவுக்கு மாறினார். பாளை சீவியவர் தொழிலை இழந்தார். சீசாவை எண்ணலாம், முத்திரை ஒட்டலாம், வரி வாங்கலாம். கலயத்தை அப்படி எண்ண முடியாது. கள்ளுக்கு இங்கே நேர்ந்ததில் அதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

தம்பிமார்களின் கேள்விக்கும் இதுவேதான் பதில். இறக்குமதி பீருக்கு நெடுங்காலமாக 100 சதவீத அளவில் சுங்கவரி. பீர் மீதான கூடுதல் கலால் வரியைக் கர்நாடகம் 2023-இல் 175-லிருந்து 185 சதவீதமாக உயர்த்தியது, பிறகும் ஏற்றியது. போதாக்குறைக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு லேபிளுக்கும் தனி அனுமதி, தனிக் கட்டணம். சில நூறு பாட்டில்கள் மட்டுமே ஒதுக்க முடிந்த ஆலை எதற்கு இந்த வம்புக்கு வரும்?

மூட இருந்த தொழிலைப் பெல்ஜியத்துக்காரர்கள் எழுதி வைத்தார்கள், பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கினார்கள், பள்ளிப் பிள்ளைகளும் வந்து பார்க்கும்படி கதவைத் திறந்து வைத்தார்கள். ஜோகுபாளையத்துக் கள்ளுக்கடை எந்தத் தெருவில் இருந்தது, எந்த ஊர் ஈச்சமரத்துக் கள் அங்கே வந்தது, மொந்தை என்ன விலை என்று எங்கும் எழுதி வைத்தவர் இல்லை. சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல். அல்சூர், சிவாஜிநகர், கோலார் தங்கவயல் பக்கத்திலிருந்து வெளியே வந்த குடும்பங்கள் இதைப் படித்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேசும்போது தாத்தாவிடம் கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். தம்பிமார்களே, உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். முதலில் தாத்தாவிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள், பாட்டிலை அப்புறம் பார்க்கலாம்.